அறுவடை நாளின் ஹக்கு

 

தங்கத்துக்கும் ரொக்கத்துக்கும் ஜகாத் உண்டு என்பது நம் வீட்டுச் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். ரமளான் பிறந்தால் நகையை எடுத்து எடை பார்த்து, நாற்பதில் ஒன்று என்று கணக்கிடுகிறோம். ஆனால் காவிரிப் பாசனத்தில் பிறந்து, நெல்லை விதைத்து, நெல்லை விற்று வாழ்கிற நம்மில் எத்தனை பேர் நெல்லுக்குரிய ஜகாத்தைக் கொடுத்திருக்கிறோம்? யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. இதில் முதற் குற்றவாளி இதை எழுதுகிறவன்தான். எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

திருமறையின் வாகிஆ சூராவில் அல்லாஹு தஆலா நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறான். நீங்கள் விதைப்பதைப் பார்த்தீர்களா, அதை முளைக்கச் செய்பவர்கள் நீங்களா, நாமா என்ற கருத்தில் அமைந்த கேள்வி அது. விவசாயியைத் தவிர வேறு எவருக்கும் இதன் கனம் முழுதாகத் தெரியாது. நாற்றங்காலில் விதை தெளித்த அன்று இரவு மழை கொட்டினால் அவன் தூங்குவதில்லை. உழுவது நம் கை, விதைப்பது நம் கை. அதற்குப் பிறகு நம் கையில் ஒன்றுமில்லை.

அல்லாஹ்வின் பாதையில் செலவிடுகிறவருக்கு உவமையாக, ஏழு கதிர்களை முளைப்பித்து, கதிருக்கு நூறு மணிகள் தந்த ஒரு வித்தைப் பகரா சூரா சொல்கிறது. ஒன்றுக்கு எழுநூறு. மதரஸாவில் ஓதும்போது இதை மிகைப்படுத்திய உவமை என்றே நான் நினைத்திருந்தேன். வயலில் இறங்கிப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போயிற்று. 1980-களில் மடகாஸ்கரில் உருவாகி நம் பகுதிக்கும் வந்து சேர்ந்த ஒற்றை நாற்று நடவில், ஒரே ஒரு நாற்று இருபது, முப்பது தூர் கட்டுவதைக் காணலாம். ஒரு நல்ல கதிரில் நூறு மணிக்கு மேலும் இருக்கும். நெல் பயிரிடுகிறவனுக்கு எழுநூறு என்பது கண்ணால் காண்கிற கணக்குத்தான்.

நம் பாட்டனார் காலத்தில் மாவுக்குப் பத்துக் கலம் கண்டால் ஊரே பேசுமாம். இரண்டு கலம் ஒரு மூட்டை. ஆக ஐந்து மூட்டை. 1965-இல் ஆடுதுறைப் பண்ணையிலிருந்து ஏ.டி.டி. 27 வந்தது. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 வெளியாயிற்று. குட்டையான பயிர், உரம் போட்டாலும் சாயாத தண்டு. அதன் பின் ரகத்துக்கு மேல் ரகமாக வந்து, இன்று மாவுக்குப் பத்து, பதினொரு மூட்டை என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. விளைச்சல் இரட்டித்தது. அதற்குரிய ஹக்கும் இரட்டித்ததா என்று கேட்டால் பதில் சொல்ல நமக்கு நா எழாது. உரக்கடைப் பாக்கி இரட்டித்ததை விடப் பல மடங்கு ஏறியது என்று நீங்கள் சொல்வதும் எனக்குக் கேட்கிறது. அந்தப் பேச்சுக்கும் வருகிறேன்.

அன்ஆம் சூராவில் தோட்டங்களையும் பயிர்களையும் பற்றிச் சொல்லி வரும்போது, விளைந்ததை உண்ணுங்கள், அதன் ஹக்கை அறுவடை நாளிலேயே கொடுத்துவிடுங்கள், வீண் விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளை வருகிறது. நகைக்கும் ரொக்கத்துக்கும் ஓராண்டு நிறைவடைய வேண்டும். பயிருக்கு ஆண்டுக் கணக்கு இல்லை. அறுவடைதான் அதன் தவணை. ஒரு முறை கொடுத்துவிட்டால், அந்த நெல் பத்தாயத்தில் மூன்று ஆண்டு கிடந்தாலும் அதற்கு மறுபடி ஜகாத் இல்லை. விற்ற பணம் கையில் தங்கி ஆண்டு நிறைந்தால் அது பணத்துக்குரிய ஜகாத்; அது வேறு.

எவ்வளவு கொடுப்பது? இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் வரும் நபிமொழியின் கருத்து இது: வானமும் ஊற்றுகளும் நீர் பாய்ச்சியதில் பத்தில் ஒரு பங்கு, இறைத்துப் பாய்ச்சியதில் இருபதில் ஒரு பங்கு. இந்தப் பத்தில் ஒன்றுக்குத்தான் உஷ்ர் என்று பெயர். ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீர் எந்த வகை? வாய்க்கால் வெட்டச் செலவு பிடித்தாலும் அது மழைநீரைப் போன்றதே, பத்தில் ஒன்று என்று இமாம்கள் கிதாபுகளில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே மேட்டூரில் திறந்து நம் மடையில் தானாகப் பாய்ந்த தண்ணீருக்குப் பத்தில் ஒன்று. போர்செட் போட்டு இறைத்ததற்கு இருபதில் ஒன்று. காசு கொடுத்து அடுத்தவரிடம் வாங்கிய தண்ணீருக்கும் இருபதில் ஒன்றுதான் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம்.

இதை நம் டெல்டாவோடு பொருத்திப் பாருங்கள். ஜூன் 12-ஆம் நாள் மேட்டூர் திறப்பது வழக்கம். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்க முடியாமற் போயிற்று. அந்த ஆண்டுகளில் குறுவை போட்டவர்கள் பெரும்பாலும் போர்செட்டை நம்பியே போட்டார்கள். 2020-இல் மறுபடி ஜூன் 12-லேயே தண்ணீர் வந்தது. அதே வயல், அதே வரப்பு, அதே விவசாயி. ஒரு வருடம் இருபதில் ஒன்று, அடுத்த வருடம் பத்தில் ஒன்று. பாடுபட்டவனின் சிரமத்தைப் பார்த்து ஹக்கைப் பாதியாக்கிய மார்க்கம் இது. மின்சாரம் இலவசம்தானே, அப்படியிருக்க ஏன் பாதி என்று ஓர் இளைஞர் கேட்டார். கரண்டு இலவசம், போர் இறக்கியதும், மோட்டாரும், குழாயும், அது எரிந்தால் காயில் கட்டுவதும் இலவசமா? இறைத்தல் என்பது இருக்கும்வரை பாதிதான் என்பது என் கருத்து. உங்கள் ஊர் ஹஜ்ரத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு தண்ணீரும் கலந்தால்? ஹனஃபி மத்ஹபில் எது மிகுதியோ அதன்படி. ஷாஃபிஈ மத்ஹபில், பயிர் வாழ்ந்த காலத்தை அளந்து பங்கிட வேண்டும். பாதிக்குப் பாதி என்றால் நூற்றுக்கு ஏழரை.

அடுத்து நிஸாப். ஐந்து வஸக்குக்குக் குறைந்ததில் ஜகாத் இல்லை என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. வஸக் ஒன்றுக்கு அறுபது ஸாவு; ஆக முந்நூறு ஸாவு. எடையில் சுமார் 650 கிலோ என்று இக்கால அறிஞர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். இங்கே ஷாஃபிஈ இமாம்கள் காட்டிய நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். உமியோடு சேமிக்கப்படும் தானியத்துக்குப் பத்து வஸக் என்று அவர்கள் எழுதினார்கள்; அதற்கு உதாரணமாக நெல்லையே சொன்னார்கள். உமியைக் கழித்தால்தானே அது உணவு! ஆக நெல்லாக அளந்தால் சுமார் 1,300 கிலோ. 60 கிலோ மூட்டையில் ஏறத்தாழ இருபத்திரண்டு மூட்டை. இரண்டு மா நிலம் வைத்திருப்பவரே இந்த எல்லைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறார். குறுவையில் பன்னிரண்டு, தாளடியில் பன்னிரண்டு என்று கண்டவர் தப்பிவிட்டதாக எண்ண வேண்டாம். இரண்டின் அறுவடையும் ஓராண்டுக்குள் வந்தால் சேர்த்தே கணக்கிட வேண்டும். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களிடமோ நிஸாபே இல்லை. விளைந்தது கொஞ்சமானாலும் ஹக்கு உண்டு. அவர்களின் இரு மாணவர்களான அபூயூஸுஃப், முஹம்மத் (ரஹ்) இருவரும் ஐந்து வஸக் என்றார்கள். நம் நாட்டு நிலம் உஷ்ரீ நிலம்தானா என்பதில் ஹனஃபி உலமாக்களிடையே நீண்ட ஆய்வு உண்டு. அதை இங்கே விரித்தால் இந்த இதழே போதாது.

இப்போது உரக்கடைப் பாக்கி. நாற்று, நடவு, உரம், மருந்து, அறுவடை மிஷின் வாடகை எல்லாம் போக மிச்சத்துக்குத்தானே என்று எல்லாரும் கேட்கிறார்கள். இரு மத்ஹபிலும் உறுதியான சட்டம், விளைந்தது முழுவதிலும் கொடுக்க வேண்டும் என்பதே. பாசனச் சிரமத்துக்கு மட்டுமே மார்க்கம் பாதியாகக் குறைத்தது. பயிருக்கென்று வாங்கிய கடனைக் கழிக்கலாம் என்று இக்கால அறிஞர்களில் சிலர் சொல்லியிருப்பதும் உண்மை. கடனில் மூழ்கியிருப்பவர் அதைத் தம் ஹஜ்ரத்திடம் கேட்டு முடிவு செய்யட்டும். ஆனால் மகள் கல்யாணக் கடனையும் பைக் தவணையையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். குத்தகைக்கு எடுத்தவர் விளைச்சலுக்குச் சொந்தக்காரர் ஆதலால் ஜகாத் அவர்மீது. வாரமானால் அவரவர் பங்குக்கு அவரவர். மழையில் பயிர் மூழ்கி அழிந்துபோனால், அழிந்ததற்கு ஒன்றும் இல்லை.

எந்த நெல்லைக் கொடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மதீனாவில் பேரீச்சங் குலைகளை ஏழைகளுக்காகப் பள்ளிவாசலில் தொங்கவிடுவது வழக்கமாக இருந்தது. சிலர் சொத்தையும் சாவியுமான குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். நல்லதைச் செலவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டல்லாமல் நீங்களே வாங்கமாட்டாத மட்டமானதைத் தேடிக் கொடுக்காதீர்கள் என்ற பொருளில் பகராவின் வசனம் அதன் பேரில்தான் இறங்கியது என்று பராஉ பின் ஆஸிப் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தூற்றும்போது காற்றோடு போகிற கருக்காயை ஒதுக்கி, இது பள்ளிக்கு என்று சொல்வதை நான் சிறுவனாக இருந்தபோது களத்தில் கேட்டிருக்கிறேன்.

களம் என்றேன். அந்தக் களம் இன்று எங்கே? அப்போதெல்லாம் அறுவடை நாள் என்றால் ஊருக்கே தெரியும். அறுத்துக் கட்டி, தலையில் சுமந்து, களத்தில் அடித்து, தூற்றி, பொலி கட்டி, மரக்காலால் அளக்கும்வரை வேலை நடக்கும். கதிர் பொறுக்க விதவைகளும் சிறுவர்களும் வருவார்கள். கேட்பவன் எதிரில் நிற்பான். இன்று மிஷின் இறங்கி ஒரு மணி நேரத்தில் வயலைக் காலி செய்கிறது. நெல் டிராக்டரில் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. ஈரப்பதம் பார்த்து 40 கிலோ சிப்பமாகப் பிடிக்கிறார்கள். பணம் பேங்கில் ஏறுகிறது. நெல்லை நாமே கண்ணால் பார்ப்பதில்லை, ஏழை எப்படிப் பார்ப்பான்?

கலம் சூராவில் வரும் தோட்டக்காரர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. இன்று ஒரு மிஸ்கீனும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று கிசுகிசுத்துக்கொண்டு விடியலில் அறுக்கப் புறப்பட்டார்கள் அவர்கள். போய்ப் பார்த்தால் தோட்டம் இரவோடிரவாகக் கருகிக் கிடந்தது. நாம் அப்படிச் சதி செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவில் விளக்குப் போட்டுக்கொண்டு மிஷின் ஓடும்போது, மிஸ்கீன் உள்ளே வராததில் நமக்கு ஒரு குறையும் தோன்றுவதில்லையே!

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வயலில் நடவு நடுகிறவர்கள் பெரும்பாலும் பிற சமயத்து ஏழைகள். அவர்களின் கூலி அவர்களின் ஹக்கு. அதை ஜகாத்தோடு சேர்த்துக் கணக்கெழுதக் கூடாது. கூடுதலாகத் தர விரும்பினால் ஸதக்காவாகத் தாராளமாகத் தரலாம். 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் கீழவெண்மணியில் 44 உயிர்கள் குடிசைக்குள் எரிந்தன. நெற்கூலியை உயர்த்திக் கேட்டதில் மூண்ட பகை அது. இதே காவிரித் தண்ணீர் பாய்கிற ஊர்தான். வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தினர் நாம்.

இனி என் கதை.

ஓதி முடித்து நான் இமாமாக வந்த ஊர், நெல்லை நம்பிய ஊர். பெரும்பாலோர் ஹனஃபிகள், என் குடும்பம் கடைமடைப் பக்கத்து ஷாஃபிஈ குடும்பம். மாதச் சம்பளம் இவ்வளவு, அறுவடைக்கு வீட்டுக்கு இரண்டு மரக்கால் நெல், நிலம் அதிகமுள்ளவர் ஒரு மூட்டை என்று ஜமாஅத்தார் பேசி முடித்தார்கள். முதல் அறுவடையில் பதினாறு மூட்டை சேர்ந்தது. பாதியை அரைத்தோம், பாதியை விற்றுப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைப் பார்த்தோம். அதன் பிறகு ஒருநாள், இஷா முடிந்து வாசலில் நின்றபோது உஷ்ரைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் சிரித்தபடியே, "அதெல்லாம் நான் வருசா வருசம் கொடுத்துடுறேன் ஹஜ்ரத்" என்றார்.

"அல்ஹம்துலில்லாஹ். யாருக்குக் கொடுக்குறீங்க பெரியவரே?"

"உங்களுக்குத்தான்! மூட்டை வந்துச்சா இல்லியா?"

சம்பளம் என்று நான் வாங்கியதை உஷ்ர் என்று அவர் கொடுத்திருக்கிறார். விசாரித்தேன். ஊரில் பாதிப் பேரின் எண்ணம் அதுவே. வேலைக்குப் பேசிய கூலியை ஜகாத்திலிருந்து கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. இமாம் ஏழையாக இருந்தால், ஏழை என்ற முறையில் சம்பளத்துக்கு அப்பாற்பட்டுக் கொடுக்கலாம்; சம்பளமாகக் கூடாது. இந்த மஸ்அலாவை உஸ்தாதின் முன் உட்கார்ந்து நான் ஓதியிருக்கிறேன். ஆனால் மறு வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறி வேறு எதையோ பேசிவிட்டு இறங்கினேன். அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படியே. சொன்னால் நெல் நின்றுவிடும். நின்றால் வீட்டில் என்ன செய்வது? ஓராண்டு முழுவதும் இப்படியே கழிந்தது. இரண்டாவது அறுவடை நெல்லையும் வாங்கி வைத்தேன். முதற் குற்றவாளி என்று நான் சொன்னது இதைத்தான்.

லீவில் ஊருக்குப் போனபோது வாப்பாவிடம் சொன்னேன். எங்களுக்கு நான்கு மா நிலம். அவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஊருக்குச் சொல்றது இருக்கட்டும் தம்பி. நம்ம நாலு மாவுக்கு முதல்ல கணக்குப் போடு" என்றார்.

போட்டோம். அந்த ஆண்டுச் சம்பாவில் நாற்பத்திரண்டு மூட்டை, 2,520 கிலோ. பயிர்க் காலத்தில் நான்கில் மூன்று பங்கு ஆற்றுத் தண்ணீர். கடைமடையில் தண்ணீர் நின்றுபோனதால் கடைசிக் கால் பங்குக்குப் பக்கத்து வயல்காரரிடம் காசுக்கு வாங்கிய போர்த் தண்ணீர். மூன்று பங்குக்குப் பத்தில் ஒன்று, ஒரு பங்குக்கு இருபதில் ஒன்று. சேர்த்தால் நூற்றுக்கு எட்டே முக்கால். 220 கிலோ சொச்சம். வாப்பாவுக்கு அப்போது உரக்கடையில் பாக்கி இருந்தது. "நாலு மூட்டையா வச்சுடு, கிலோக் கணக்கெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு, தாமே சாக்கு எடுத்து வந்தார். அந்த நான்கு மூட்டையில் இரண்டு, எங்கள் தெருவில் மூன்று பிள்ளைகளோடு இருந்த ஒரு விதவைக்குப் போயிற்று.

திரும்பி வந்த வெள்ளியன்று மிம்பரில் சொன்னேன். நான் வாங்கியது சம்பளம், அது உங்கள் உஷ்ர் ஆகாது, கொடுக்க வேண்டியது இன்னும் உங்கள்மீதே இருக்கிறது என்று சொன்னேன். ஓராண்டு மறைத்ததையும் சொன்னேன். சிலர் முகம் கொடுக்காமல் போனார்கள். ஹஜ்ரத் சம்பளத்தைக் கூட்டக் கேட்கிறார் என்று டீக்கடையில் பேச்சு நடந்தது. பத்து நாள் கழித்து ஜமாஅத் கூடியது. இமாமுக்கும் மோதினாருக்கும் தரும் நெல் சம்பளக் கணக்கில் தனியே எழுதப்பட வேண்டும். உஷ்ர் நெல் பள்ளியின் கிழக்கறையில் தனிச் சாக்கில் கட்டப்பட வேண்டும். மஹல்லாவின் ஏழைகளுக்குப் பட்டியல் போட்டுப் பத்து நாளைக்குள் பிரித்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று. கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டவர்கள் தொகையாகக் கொடுக்கலாம்; ஹனஃபி மத்ஹபில் அதற்கு இடமுண்டு. அந்தத் தாளடியில் பதினொரு வீடுகளிலிருந்து பதினேழு மூட்டை வந்தது. ஊரில் நிலமுள்ள வீடுகள் அறுபதுக்கு மேல். என் நெல் அந்த வருடம் ஒன்பது மூட்டையாகக் குறைந்தது. மறு ஆண்டு அது பன்னிரண்டு ஆயிற்று.

வாசலில் சிரித்துப் பேசிய அந்தப் பெரியவர் சில வாரம் என்னைப் பார்க்கவே இல்லை. ஒருநாள் சுபுஹுக்குப் பிறகு பழைய கணக்கு நோட்டுகள் இரண்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். "இத்தனை வருசம் கொடுத்ததா நெனச்சுட்டு இருந்தேனே, அதுக்கெல்லாம் என்ன செய்யிறது?" என்று கேட்டார். தவறிய ஜகாத் கடனாக நிற்கும், மதிப்பிட்டுக் கொடுக்க வேண்டும் என்றேன். ஒரே நேரத்தில் முடியாவிட்டால், முடிகிறபோதெல்லாம் எழுதி வைத்துக் கொடுத்து வாருங்கள் என்றேன். எந்த ஆண்டு எத்தனை மூட்டை, எந்த ரகம், தண்ணீர் எந்தத் தேதியில் வந்தது என்பதெல்லாம் அவர் நோட்டில் இருக்கிறது. 2003-இல் தொடங்கி 2011 வரை கணக்கு முடித்துவிட்டோம். 2012 முதல் போர்த் தண்ணீர் வருகிறது, விகிதம் மாறும். வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் மறுபடி உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார்.